முத்திரை விழுந்த காடு

என் தொழில் என்னவென்று கேட்டால் என் வீட்டுக்காரிக்கே சரியாகச் சொல்ல வராது. காட்டுக்கு மார்க் போடுகிறவர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். ஒருவிதத்தில் அதுதான் சரி. வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல நான் காட்டைத் திருத்துகிறேன். என்ன, தாளுக்குள்ளிருந்து யானை வராது.

நீங்கள் சென்னையிலிருந்து ரயிலேறி வந்து, பெட்டியைக்கூட ஓட்டலில் வைக்காமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். முத்திரைச் சங்கத்தின் புகார்ப் பிரிவு, பெயர் கயல்விழி, கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி என்றீர்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியும். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். அதனால் முதலிலிருந்து வருகிறேன், அம்மணி. நடுவில் நிறுத்தாமல் கேட்டால் போதும்.

வெளிநாட்டில் மேஜை நாற்காலி வாங்குகிறவர்கள், இந்த மரம் காட்டை மொட்டையடித்து வந்ததா, காட்டை வாழவைத்து வந்ததா என்று கேட்கத் தொடங்கியிருக்கிற வருஷங்கள் இவை. நல்ல காட்டு மரத்துக்கு ஒரு முத்திரை. அதைக் கொடுக்க ஆளாளுக்கு ஒரு திட்டம். ஆனைக்கரடு எஸ்டேட்டின் முதலாளி, இந்தக் கோயமுத்தூர்க்காரர்தான், எந்தத் திட்டம் நமக்கு ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார். நான் ஒழுங்காகப் படித்துத்தான் சொன்னேன். ஒரு திட்டத்தில் முதலாளியே தனக்கு நற்சான்று எழுதிக்கொள்ளலாம், அது கூத்து. இன்னொன்றில் மரத்தை மட்டும் எண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் சங்கத்தின் திட்டம் ஒன்றுதான் காட்டில் வேலை செய்கிறவன் வீட்டு வாசலுக்குப் போய், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டது. என்ன தண்ணீர் குடிக்கிறாய், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று கேட்டது. அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். இதுதான் திட்டம் என்று முதலாளியிடம் சொன்னேன். உங்கள் சங்கமும் உள்ளூரில் விவரம் தெரிந்த ஆள் வேண்டுமென்று மதிப்பீட்டுக் குழுவில் என்னையே சேர்த்துக்கொண்டது. யோசனை சொன்னவனே மார்க்கும் போடலாமா என்று இப்போது கேட்பீர்கள். அப்போது யாரும் கேட்கவில்லை.

முதலாளி ஒளிவுமறைவு இல்லாத மனுஷர். முத்திரை வந்தால் காடு காடாக இருக்கும், ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகளும் இருக்கும் என்றார். வராவிட்டால் மேல்சோலைக் காட்டை வெட்டித் தேயிலை வைக்கப்போவதாகவும், ஆட்களைக் கணக்கு முடித்துக் கீழே அனுப்பப்போவதாகவும் சொன்னார். அந்த லைனில் இருக்கிற குடும்பங்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாராபுரம் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்துக்கு இருந்தவர்களின் பிள்ளைகள். பாதிப் பேர் இந்து, பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். கீழே ஊருக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்களின் மக்கள், மலையேறி வந்த பிறகுதான் தலை நிமிர்ந்து கூலி வாங்கினார்கள். அவர்களைத் திரும்ப அந்தப் பள்ளத்துக்கு அனுப்புவதா என்று எனக்குப் பதறியது. நான் செய்ததெல்லாம் அந்தப் பதற்றத்தில் செய்ததுதான்.

மதிப்பீட்டுக்கு முன்னால் ஒரு முன்னோட்டப் பார்வை உண்டு. போன வருஷம் புரட்டாசியில் போனேன். சத்தியமங்கலத்துக்கு மேலே வளைவு வளைவாக ஏறும்போது வழக்கம்போல எனக்குக் குமட்டியது. எஸ்டேட் மேனேஜர் தம்பிதுரை எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நல்ல மாதிரி. எல்லாவற்றையும் திறந்து காட்டினார். தேக்கு நாற்றங்காலுக்குப் பக்கத்து ஸ்டோரையும் திறந்து காட்டினார். அங்கே சுவரோரமாக டின் டின்னாகக் கறையான் மருந்து அடுக்கியிருந்தது. பழைய சரக்கு. சர்க்காரும் தடை போட்டிருந்தது, உங்கள் திட்டத்திலும் அது ஒரு டின் இருந்தாலே முத்திரை கிடையாது. நரம்பைத் தாக்குகிற சாதி மருந்து. பெரியவர்களுக்குத் தலை சுற்றும், குழந்தைகளுக்கு ஜன்னி வரும். எனக்கு நன்றாகத் தெரியும், கல்லூரியில் படித்திருக்கிறேன்.

நான் அதை எழுதியிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். எழுதவில்லை. இதை இங்கிருந்து அப்புறப்படுத்துங்கள் என்றேன். தம்பிதுரை கையைப் பிசைந்தார். வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோக முடியாது. அந்த மலைப்பாதையில் செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட் வண்டியைக் குடைந்து பார்க்கிற காலம் அது. டின் வாடையே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அவர்தான் எங்கே போடுவது என்று என்னைக் கேட்டார்.

திட்டப்படி எஸ்டேட்டுக்கு ஒரு குப்பைக்குழி வேண்டும். அதைத் தோண்டும் வேலையை லைனில் குடியிருக்கிற சின்னானிடம் கொடுத்திருந்தார்கள். சின்னான் நல்ல வேலைக்காரன், ஒரு ஆள் உயரத்துக்குச் சீராக வெட்டி வைத்திருந்தான். குழி லைன் வீடுகளுக்கு மேலே, சோலை தொடங்குகிற இடத்தில் இருந்தது. மதிப்பீட்டுக்கு வரவிருந்த வெள்ளைக்காரர் நடக்கப்போகிற பாதையை நான்தான் வகுத்திருந்தேன். அந்தப் பக்கம் அவர் வரமாட்டார். ஒரு சந்தை நாளில், லைன்காரர்கள் கீழே இறங்கியிருந்த சமயம், நானும் தம்பிதுரையும் டின்களைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தக் குழியில் ஊற்றி மண்ணைத் தள்ளினோம். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அந்தக் குழிக்குக் கீழேதான் ஊற்று. அங்கிருந்துதான் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து லைன் குழாய்க்கும் தண்ணீர் வருகிறது. மழைத் தண்ணீர் எந்தச் சரிவில் இறங்கும் என்று சொல்வதுதான் என் படிப்பே. மண் பிடித்துக்கொள்ளும் என்று அன்றைக்கு நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் ஹெண்ட்ரிக் வந்தார். குழுத் தலைவர், வெள்ளைக்காரர், பூ மாதிரி மனுஷர். செடியை மிதிக்காமல் நடப்பார். பார்க்கிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே இருப்பார். அவர் வருவதற்கு முன்பு நாலைந்து நாளாக மழை கொட்டித் தீர்த்திருந்தது. அவர் பங்களாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் மேலே போய்ப் பார்த்தேன். குழியின் கீழ்ப்பக்கக் கரை சரிந்து போயிருந்தது. தொட்டிக்கு வந்தேன். தண்ணீர் மேல் எண்ணெய்ப் பூச்சு வானவில் நிறத்தில் நெளிந்தது. கையில் அள்ளி மோந்து பார்த்தேன். லேசான வாடைதான். மழைக்காலத்தில் தண்ணீரில் இலை அழுகிய வாடை இருப்பது வழக்கம் என்பதால் லைன்காரர்கள் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

எனக்குப் பயம் பிடித்தது. அதை மறைக்கவில்லை. அங்கேயே குழாயை அடைத்திருக்கலாம். அடைத்தால் ஏன் தண்ணீர் வரவில்லை என்று லைனில் கேட்பார்கள், ஹெண்ட்ரிக் நோட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தொட்டிக்குத்தான் வருவார். சாயங்காலம் அவர் ஓய்வெடுக்கப் போனதும் தொட்டியைத் திறந்துவிட்டுக் கழுவிவிடலாம் என்று தீர்மானித்தேன். மழைத் தண்ணீர் கலந்திருக்கிறது, ஒரு பகல் பொழுதுதானே என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை இப்போதும் உங்களுக்குப் போட்டுக் காட்ட முடியும். பெரியவர்களைப் பொறுத்தவரை அது சரியாகவே வந்தது.

பத்து மணி வாக்கில் லைனுக்குப் போனோம். முதல் வீடு சின்னான் வீடு. அவன் மரம் அறுக்கப் போயிருந்தான். அவன் பெண்டாட்டி மயிலாத்தாள் வாசலைக் கூட்டிக் கோலம் போட்டு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். நம் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர்தான். அவளும் உள்ளே போய் இரண்டு தம்ளரில் கொண்டுவந்தாள். புதுத் தம்ளர்கள். கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர்கூட இன்னும் உரியவில்லை. எங்களுக்காகவே சத்தியமங்கலத்துச் சந்தையில் வாங்கியிருக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

ஹெண்ட்ரிக் கையை நீட்டிவிட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கொதிக்கவைக்காத தண்ணீர், உங்கள் வயிற்றுக்கு ஆகாது என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் பாவம், நெஞ்சில் கை வைத்து அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் இன்னொரு தம்ளரை என் பக்கம் நீட்டினாள். நான் தலையை ஆட்டி, வேண்டாம்மா என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. தம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீங்க எங்கூட்டுல குடிக்க மாட்டீங்கன்னு தெரியுமுங்க. வெள்ளக்காரருக்காச்சும் குடுக்கலாம்னுதானுங்க கொண்டாந்தேன்."

இதுதான் நீங்கள் கேட்க வந்த இடம். கொஞ்சம் பொறுங்கள்.

நான் மறுத்தது சாதிக்காக என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள் அப்பன், பாட்டன் காலத்திலிருந்து பார்த்துப் பழகிய காரியம். ஏன் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தண்ணீரை மோந்து பார்க்கவும் தோன்றவில்லை. வேறு எந்த ஊரிலாவது ஒரு ஆள் தானும் குடிக்காமல் பக்கத்தில் இருப்பவரையும் குடிக்கவிடாமல் தடுத்தால், தண்ணீரில் என்ன என்று கேட்டிருப்பார்கள். இங்கே கேட்கவில்லை. எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று. ஒரு பொய்கூட நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் மகள் அன்புச்செல்வி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது படிக்கிற பிள்ளை. வெள்ளைக்காரரைப் பார்ப்பதற்காகவே பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்டாள். அவள் கண்ணெல்லாம் புதுத் தம்ளர் மேலேயே இருந்தது. விருந்தாளிக்கு எடுத்துவந்த தண்ணீரைத் திரும்பக் குடத்தில் ஊற்ற மாட்டார்கள் அல்லவா. மயிலாத்தாள் இரண்டு தம்ளரையும் பிள்ளையிடம் கொடுத்தாள். பிள்ளை ஒன்றைக் குடித்து முடித்தது. ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இன்னொன்றையும் குடித்தது.

நான் பார்த்தேனா என்றால், பார்த்தேன். இரண்டையும் பார்த்தேன். ஹெண்ட்ரிக் அடுத்த கேள்வியைக் கேட்டார். குடிதண்ணீர் வசதி எப்படி என்பது அது. நான் தமிழில் கேட்டேன். "ஒரு கொறையும் இல்லீங்க" என்றாள். வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்லி அனுப்புவது இந்தப் பக்கத்து வழக்கமில்லை. நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

மத்தியானம் நாங்கள் நாற்றங்காலில் இருந்தபோது மேஸ்திரி பிரான்சிஸ் ஓடிவந்தான். லைனில் நாலைந்து பேருக்கு வாந்தி, சின்னான் மகளுக்கு இழுப்பு என்றான். மற்றவர்களெல்லாம் என்ன செய்வது என்று நிற்கும்போது நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினேன். இதை யாரும் மறுக்க மாட்டார்கள். வளைவுகளில் எனக்குக் குமட்டியது தெரியவே இல்லை. பிள்ளை என் மடியில் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்தில் மயிலாத்தாள் அதன் காலைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, இந்தா வந்துட்டோம் கண்ணு, இந்தா வந்துட்டோம்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு அழுகை வந்தது. வேஷம் என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே வந்தது.

சத்தியமங்கலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் சாஜிதா பேகம் கெட்டிக்காரர். பிள்ளையின் கண்ணைத் திறந்து பார்த்தார், வாயை மோந்து பார்த்தார். பிறகு மயிலாத்தாளை விட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எஸ்டேட்ல பூச்சி மருந்து, கறையான் மருந்து ஏதாவது இருக்குங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மருந்துன்னா நான் பார்க்கற வைத்தியமே வேற."

யோசித்தேன். வராந்தாவில் மயிலாத்தாள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அந்த லைனில் இருக்கிற மற்ற அத்தனை பிள்ளைகளையும் யோசித்தேன். முத்திரை போனால் அவர்கள் எங்கே போவார்கள் என்று யோசித்தேன். ஒரு பிள்ளையை ஒரு தட்டிலும் அத்தனை பிள்ளைகளையும் இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்தால் எந்த மனுஷனும் என்ன செய்வான்? அப்படி எதுவும் அங்கே இல்லை, இன்று காலையில்தான் ஸ்டோரைச் சோதித்தோம் என்றேன். அது உண்மையும்கூட. ஸ்டோரில் ஒன்றும் இல்லை.

மூளைக் காய்ச்சல் என்று வைத்துக்கொண்டு அவர் வைத்தியம் பார்த்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளை போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் நானே தொட்டியில் இறங்கிக் கழுவினேன். ஊற்றை வேறு பக்கமாக வெட்டித் திருப்பினேன். குழிக்குக் கரை கட்டினேன். காய்ச்சல் பரவாமல் இருக்க என்று சொன்னதால் லைன்காரர்களும் கூட நின்று மண் சுமந்தார்கள். சின்னானும் சுமந்தான், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாந்தியெடுத்தவர்கள் எல்லோரும் தேறினார்கள். இதையும் நீங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தை மாதம் முத்திரை வந்தது. ஹெண்ட்ரிக் தன் அறிக்கையில், உள்ளூர் மதிப்பீட்டாளர் ஒரு தொழிலாளியின் குழந்தையைத் தன் கையால் தூக்கிக்கொண்டு ஓடினார், இப்படிப்பட்டவர்கள்தான் இந்தத் திட்டத்துக்கு வேண்டும் என்று எழுதியிருந்தார். மேல்சோலை இன்றைக்கும் நிற்கிறது. லைனில் அத்தனை குடும்பமும் இருக்கிறது. போய்ப் பாருங்கள், எவ்வளவு அழகான காடு.

பிறகுதான் பிரான்சிஸ் உங்களுக்குப் புகார் எழுதினான். யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம் என்று லைன் சுவரில் விலாசத்தை ஒட்டச் சொன்னதே நான்தான். அவன் பிள்ளை செத்ததைப் பற்றி எழுதவில்லை. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மதிப்பீட்டாளர் பாலகோபால் எங்கள் லைன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மறுத்தார், வெள்ளைக்காரரையும் தடுத்தார், சாதி பார்க்கிறவரை எப்படி மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதினான். மயிலாத்தாள் சொன்னதென்று அதிலேயே அவன் எழுதியிருந்ததையும் நீங்கள் வந்தவுடன் படித்துக் காட்டினீர்கள். "எம்புள்ளையத் தூக்கிட்டு ஓடுனவருங்க அவரு. அவரு மேல எனக்குக் கோவமில்லீங்க. எங்கூட்டுத் தண்ணிய ஏன் வேண்டாம்னாருன்னுதான் மனசுலயே நிக்குதுங்க."

அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. நான் யாரென்று இந்த ஊரில் விசாரியுங்கள். ஐயரில்லாமல் கல்யாணம் செய்துகொண்டவன் நான். ஹாஸ்டலில் எந்தப் பையன் சோற்றுத் தட்டிலும் கை வைப்பேன். என் பெயருக்குப் பின்னால் எதுவும் போட்டுக்கொள்வதில்லை. என் அப்பா அதற்காக என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. அப்படிப்பட்ட என்னைப் போய்த் தண்ணீரில் தீட்டுப் பார்க்கிறவன் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்தால், நாளைக்கு என் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? வயிறு சரியில்லை என்று சொல்லி உங்களை அனுப்பியிருக்கலாம். நீங்களும் எழுதிக்கொண்டு போயிருப்பீர்கள். ஆனால் அவள் மனதில் அந்தக் கறை அப்படியே இருக்கும் அல்லவா?

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்கள். மருந்தை ஊற்றியது நான். தண்ணீரில் விஷம் இருப்பது தெரிந்து அந்தப் பிள்ளை குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொல்லிக் கொன்றதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், போலீஸைக் கூப்பிடுவதானாலும் கூப்பிடுங்கள்.

ஆனால் ஆனைக்கரட்டுக்குப் போகும்போது மயிலாத்தாளிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள், அன்றைக்கு நான் வேண்டாம் என்றது சாதி பார்த்து அல்ல என்று. பாவம், இத்தனை மாதமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள்; கேட்டால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும்.